கோனாவில் மாண்டா திருக்கைகளோடு இரவு டைவ்: முழுமையான வழிகாட்டி

மற்ற டைவ்களில் நாம் மீனைத் தேடிப் போகிறோம். இந்த டைவில் மீன் நம்மைத் தேடி வருகிறது. கடலடியில் ஓரிடத்தில் உட்கார்ந்து, டார்ச்சை மேல்நோக்கிப் பிடித்தபடி அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்வது எளிது. ஆனால் இருட்டில், 10 மீட்டர் ஆழத்தில், முக்கால் மணி நேரம் குளிரில் நடுங்காமல், காற்றை வீணாக்காமல், மெல்ல மிதந்து மேலே போய்விடாமல் உட்கார்ந்திருப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். எடை, உடை, மூச்சு, டார்ச் என்று கீழே நான் சொல்லப்போவது எல்லாமே அந்த அசையாமைக்காகத்தான். அது கைகூடியவருக்குத் தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளியில் திருக்கை புரண்டு போகும்.

உலகில் சில இடங்களில் இரவில் மாண்டாவைப் பார்க்கலாம். மாலத்தீவின் ஆரி பவளத்தீவுக் கூட்டத்தில் ஃபெஸ்டூ காயல் அப்படி ஓர் இடம். அங்கே கடலிலேயே தங்கும் டைவ் கப்பல்கள் பின்பக்க விளக்கைப் போட்டுக் காத்திருக்கும். ஆனால் இதற்குப் பேர்போன இடம் ஹவாயின் பெரிய தீவில் இருக்கும் கோனா கடற்கரைதான். எனவே இந்த வழிகாட்டி முழுக்க கோனாவைப் பற்றியது.

வெளிச்சம் எப்படி வேலை செய்கிறது

1970களில் கெயாவ்ஹோ விரிகுடாவின் ஓரத்தில் ஒரு ஹோட்டல் கட்டினார்கள். விருந்தினர்கள் இரவில் அலையைப் பார்க்கட்டும் என்று கடலை நோக்கிப் பெரிய விளக்குகளை வைத்தார்கள். சிறிது காலத்தில் அந்த வெளிச்சத்துக்குள் மாண்டா திருக்கைகள் வரத் தொடங்கின. டைவர்கள் அதைக் கவனித்துக் கீழே இறங்கினார்கள். கோனாவின் இரவு டைவ் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

பகலில் ஆழத்தில் கிடக்கும் பிளாங்டன் உயிரிகள் இருட்டியதும் மேல்நீருக்கு ஏறி வரும். அவற்றில் பலவற்றுக்கு வெளிச்சத்தை நோக்கி நீந்தும் இயல்பு உண்டு. கடலடியில் விளக்கை வைத்து மேல்நோக்கி எரியவிட்டால், கோபிபாட், நண்டுக் குஞ்சு, பொடி இறால் இனங்கள் எல்லாம் அந்த ஒளிக்கற்றைக்குள் திரண்டுவிடும். மாண்டாவுக்கு அதுதான் உணவு. வாயை அகலத் திறந்துகொண்டு நீந்தும். தண்ணீர் வாய்வழியே புகுந்து, வயிற்றுப் பக்கத்தில் உள்ள ஐந்து சோடி செவுள் பிளவுகள் வழியே வெளியேறும். இரை செவுளில் இருக்கும் வடிகட்டித் தகடுகளில் தங்கிவிடும். முகத்தின் இரண்டு பக்கமும் கொம்பு போலச் சுருண்டிருக்கும் மடல்கள், தின்னும்போது விரிந்து இரையை வாய்க்குள் தள்ளிக் கொடுக்கும்.

இரை ஒரே இடத்தில் அடர்த்தியாக இருந்தால் அதைத் தாண்டி நீந்திப் போவது நஷ்டம். ஆகவே திருக்கை அந்த இடத்திலேயே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் டார்ச் வெளிச்சம் நிலையாக இருந்தால் அதில் பிளாங்டன் சேரும். பிளாங்டன் சேர்ந்தால் குட்டிக்கரணம் உங்கள் தலைக்கு மேலேயே நடக்கும். டார்ச்சை அங்கும் இங்கும் ஆட்டுபவரிடம் திருக்கை ஏன் வருவதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

கோனாவில் வருபவை ரீஃப் மாண்டா. அறிவியல் பெயர் மொபுலா ஆல்ஃபிரடி. 2009 வரை மாண்டா எல்லாமே ஒரே இனம் என்றுதான் எண்ணியிருந்தார்கள்; அந்த ஆண்டு ரீஃப் மாண்டாவையும் பெருங்கடல் மாண்டாவையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். பிறகு 2017-இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் இரண்டும் மொபுலா பேரினத்துக்குள் வந்தன. இங்கே வரும் பெரிய திருக்கைகளுக்குச் சிறகு விரிப்பு 3 முதல் 4 மீட்டர் இருக்கும். வாலில் விஷ முள் கிடையாது. ‘திருக்கை’ என்றதும் குத்துமோ என்று பயப்படுகிறவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

யார் போகலாம், என்ன பழகிக்கொள்ள வேண்டும்

ஓப்பன் வாட்டர் எனும் அடிப்படை டைவிங் சான்றிதழ் இருந்தாலே பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. இரவு டைவ் முன்பே செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆழம் குறைவு, அலைந்து திரியும் வேலை இல்லை, வெளிச்சம் நிறைய. அந்த வகையில் முதல் இரவு டைவுக்கு இது ஏற்ற இடம்தான். ஆனால் கடைசியாகத் தண்ணீருக்குள் இறங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால், மறுபயிற்சி இல்லாமல் நேராக இந்தப் படகில் ஏறாதீர்கள்.

பயிற்சியின்போது மூன்று விஷயங்களைக் கை பழக்கிக்கொள்ளுங்கள். முதலாவது, கண்ணை மூடிக்கொண்டு மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது. இருட்டில் பதற்றம் பெரும்பாலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும். இரண்டாவது, ஒரு கையில் டார்ச்சைப் பிடித்தபடி மறு கையால் மட்டும் காதைச் சமன் செய்வதும் (மூக்கைப் பிடித்து ஊதிக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்வது) பிசிடி எனும் மிதப்புச் சட்டையின் பொத்தானை இயக்குவதும். மூன்றாவது, மூச்சை நிதானப்படுத்துவது. கடைசியில் சொன்னதுதான் மூன்றிலும் பெரியது. இன்னும் கீழே அதைக் கணக்கோடு சொல்கிறேன்.

உடல்நலக் கேள்வித்தாளை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே படித்துப் பாருங்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை போன்றவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுத நேர்ந்தாலும் மருத்துவரின் கையெழுத்து கேட்பார்கள். படகுத்துறையில் நின்றுகொண்டு மருத்துவரைத் தேட முடியாது. கர்ப்பிணிகள் ஸ்கூபா செய்யக்கூடாது.

டைவ் தெரியாதவர்கள் ஸ்நார்க்கெல் எனும் மூச்சுக்குழாய் போட்டுக்கொண்டு மேலே மிதக்கலாம். விளக்கு பொருத்திய மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தால் போதும். அவர்களுக்குத் திருக்கையின் வாயும் முதுகும் அருகில் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு வயிறும் முழு ஆட்டமும் தெரியும். குடும்பத்தில் ஒருவர் டைவர், மற்றவர் இல்லை என்றால் ஒரே இரவில் இருவரும் பார்த்துவிடலாம்.

எந்த இடம், எந்த மாதம்

டைவர்கள் போவது முக்கியமாக இரண்டு இடங்களுக்கு. ஒன்று கோனா விமான நிலையத்துக்கு அருகில் மகாகோ விரிகுடாவில் இருக்கும் கார்டன் ஈல் கோவ். ‘மாண்டா ஹெவன்’ என்றும் சொல்வார்கள். இன்னொன்று தெற்கே கெயாவ்ஹோவில் இருக்கும் ‘மாண்டா வில்லேஜ்’, மேலே சொன்ன ஹோட்டல் கட்டிய இடம். இரண்டிலும் ஆழம் சுமார் 10 மீட்டரை ஒட்டித்தான். கார்டன் ஈல் கோவில் கூட்டம் அதிகம், ஆனால் திருக்கைகளும் பெரும்பாலும் அதிகம். ஸ்கூபா என்றால் நான் அதையே சொல்வேன்: வட்டமாக உட்கார விரிந்த தரை இருக்கிறது, இரவு டைவுக்கு முன் அந்தியில் செய்யும் முதல் டைவுக்குப் பக்கத்திலேயே நல்ல பவளச் சரிவும் இருக்கிறது.

ஆண்டு முழுக்கத் திருக்கைகள் வருகின்றன. மாதத்தைத் தீர்மானிப்பது கடலின் குணம்தான். குளிர்காலத்தில் வடக்கு, வடமேற்கிலிருந்து பேரலை வரும்போது கார்டன் ஈல் கோவில் தண்ணீர் முன்னும் பின்னும் இழுக்கும். கோடையில் தெற்கிலிருந்து வரும் அலை கெயாவ்ஹோவைப் பாதிக்கும். தண்ணீரின் வெப்பம் குளிர்காலத்தில் 24 டிகிரிக்கு இறங்கும், கோடையின் முடிவில் 27 வரை ஏறும். சூரியன் டிசம்பரில் 6 மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும், ஜூனில் 7 மணி ஆகும். படகு கிளம்பும் நேரமும் அதற்கேற்ப மாறும்.

பயணத் திட்டத்தில் மலை எங்கே வருகிறது

இந்தத் தீவில் திட்டமிடும்போது பலரும் கோட்டை விடுவது இங்கேதான். டைவ் செய்தபின் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் அது குமிழாகி அழுத்தநோயைக் கொண்டுவரலாம். விமானத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரிய தீவில் காரிலேயே விமானத்துக்குள் இருப்பது போன்ற குறைந்த காற்றழுத்தத்துக்கு ஏறிவிடலாம்! மவுனா கேயா சிகரம் 4,200 மீட்டருக்கு மேல். அதன் பார்வையாளர் நிலையமே சுமார் 2,800 மீட்டர். கோனாவையும் ஹிலோவையும் இணைக்கும் சேடில் ரோடு 2,000 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்குகிறது. கிலாவேயா எரிமலையின் உச்சிப் பகுதி சுமார் 1,200 மீட்டர்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு தரும் பரிந்துரை இது: அழுத்தக்குறைப்பு நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற ஏறும் வழியில் கட்டாயமாக நிற்பது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒரே நாளில் இரண்டு டைவோ தொடர்ந்து பல நாள் டைவோ என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இது விமானத்துக்குச் சொன்னது. 600 மீட்டருக்கு மேல் ஏறும் மலைப்பாதைக்கும் இதையே வைத்துக்கொள்வது நல்லது. மாண்டா பயணத்தில் பெரும்பாலும் இரண்டு டைவ். இரவு 8 மணிக்குத் தண்ணீரை விட்டு வெளியே வந்தால், மறுநாள் பிற்பகல் 2 மணி வரை மலை, விமானம், ஹெலிகாப்டர் மூன்றுமே கூடாது. முடிந்தால் 24 மணி நேரம் விடுங்கள்.

ஆகவே எரிமலையையும் மவுனா கேயாவையும் டைவுக்கு முந்தைய நாட்களில் வையுங்கள், அல்லது டைவ் முடிந்து ஒரு நாள் கடற்கரையிலேயே இருந்துவிட்டுப் போங்கள். ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தின இரவில் மாண்டா டைவை வைக்காதீர்கள். வேறொரு காரணமும் உண்டு: இவை கூண்டு மீன்கள் அல்ல, சில இரவுகளில் ஒன்றுகூட வராது. அப்படியானால் இன்னொரு இரவு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கூட்டிப்போகும் வழக்கம் சில நிறுவனங்களிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள உங்கள் கையில் நாட்கள் மிச்சம் இருக்க வேண்டுமல்லவா?

படகை எப்படித் தேர்ந்தெடுப்பது

இரண்டு சிலிண்டர் பயணத்துக்கு, அதாவது இரண்டு டைவுக்கு, கட்டணம் பெரும்பாலும் 200 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்கும். ஸ்நார்க்கெல் அதைவிடக் குறைவு. படகு ஊழியர்களுக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விலையைவிட, முன்பதிவு செய்யும்போது நீங்கள் கேட்கும் கேள்விகள் முக்கியம். ஒரு கைடுக்கு எத்தனை டைவர்? ஆறு வரை என்றால் சரி, அதற்கு மேல் போனால் இருட்டில் ஒருவர் மேல் ஒருவர் மோதுவீர்கள். முதல் டைவ் வெளிச்சம் இருக்கும்போதே உண்டா? திருக்கை வராவிட்டால் என்ன ஏற்பாடு? படகின் விசிறிக்குப் பாதுகாப்புக் கூண்டு போட்டிருக்கிறார்களா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நான் எப்போதும் கேட்கச் சொல்வேன். ஒரே விரிகுடாவில் இரவில் பல படகுகள் நிற்கின்றன, திருக்கைகள் மேல்மட்டத்தில் தின்கின்றன. விசிறி கிழித்த தழும்பு ஆறினாலும் சிறகு பழையபடி ஆகாது. வாடிக்கையாளர் கேட்கக் கேட்கத்தான் நிறுவனங்கள் மாறும்.

உடை, எடை, டார்ச்

தண்ணீர் 25 டிகிரி என்றால் 3 மி.மீ. வெட்சூட் போதும் என்று பகல் அனுபவம் சொல்லும். நீந்திக்கொண்டிருக்கும் வரை அது சரி. உட்கார்ந்திருக்கும்போது உடல் குறைவாகவே சூட்டை உண்டாக்கும், தண்ணீரோ அதை இழுத்துக்கொண்டே இருக்கும். அதுவும் அன்றைய இரண்டாவது டைவ். 5 மி.மீ. முழு வெட்சூட்டும் தலைக்கு ஹூடும் கேளுங்கள். குளிர்தாங்காதவர்கள் 7 மி.மீ. கேட்கவும் தயங்க வேண்டாம். நடுங்கத் தொடங்கினால் மூச்சு வேகமாகும், காற்று தீரும், டைவ் பாதியிலேயே முடியும்.

எடை விஷயத்தில் பயிற்சியில் படித்ததற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கும். வழக்கமாகத் துல்லியமாக மிதக்கும் அளவுக்கு மட்டும் ஈயம் கட்டச் சொல்வார்கள். இங்கே தரையில் ஊன்றி உட்கார வேண்டும் என்பதால் வழக்கத்தைவிட 1 முதல் 2 கிலோ கூடுதலாகக் கொடுப்பார்கள். தடித்த வெட்சூட் அதிகம் மிதக்கும். அங்கே கொடுப்பது பெரும்பாலும் அலுமினிய சிலிண்டர், அது காலியாகக் காலியாக இலேசாகி, டைவின் முடிவில் மேலே இழுக்கும். இந்த இரண்டுக்கும் ஈடுகட்டத்தான் அந்தக் கூடுதல் ஈயம். அலைவீச்சு இருந்தால் கைடு ஒரு கருங்கல்லை எடுத்து மடியில் வைப்பார். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டைவ் முடியும்போது எடுத்த இடத்திலேயே மெல்ல இறக்கி வைக்க வேண்டும்.

டார்ச்சைப் படகில் தருவார்கள். தனியாக ஒரு சிறிய மாற்று டார்ச் பிசிடி பையில் இருக்கட்டும். சிலிண்டரின் கழுத்தில் சிறு அடையாள விளக்கு கட்டுவார்கள். உங்கள் கூட்டாளியின் விளக்கு நிறம் எது என்று தண்ணீருக்குள் இறங்கும் முன் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே போனபின் எல்லோரும் ஒரே கறுப்பு உருவம்தான்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் ஹவாயில் சட்டம் இருக்கிறது. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்தவற்றை 2021 ஜனவரி முதல் விற்கக்கூடாது. ஊரிலிருந்து கொண்டுபோவதிலும் அவை இல்லாதபடி பாருங்கள். இரவு டைவுக்கு அது தேவையே இல்லை. அதனால் மாலையில் பூசாமலே வந்தால் இன்னும் நல்லது.

அந்தி டைவும் இடைவேளையும்

முதல் டைவ் பொழுது சாயும்போது. அது காட்சிக்கு மட்டுமல்ல, ஒத்திகைக்கும்தான். எடை சரியா, மாஸ்க் ஒழுகுகிறதா, காது எளிதாகத் திறக்கிறதா என்பதை எல்லாம் வெளிச்சத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். கார்டன் ஈல் கோவில் மணல் சரிவைப் பார்த்தால், மெல்லிய விலாங்குகள் மணலிலிருந்து பாதி உடலை நீட்டி ஆடிக்கொண்டிருக்கும். கிட்டே போனால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவில் விளக்குகள் எங்கே இருக்கும், எந்தப் பக்கம் தரை, எந்தப் பக்கம் சரிவு என்பதையும் இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

படகில் ஏறியதும் வெட்சூட்டை இடுப்பு வரை இறக்கி, உடம்பைத் துடைத்து, காற்றுப் புகாத மேலங்கி போடுங்கள். இடைவேளையில் குளிர்ந்துபோனவர் இரண்டாவது டைவில் தேற மாட்டார். தண்ணீர் குடியுங்கள். நின்றிருக்கும் படகு அலையில் உருளும். கடல்குமட்டல் உள்ளவர்கள் மாத்திரையைக் கரையிலேயே போட்டுவிட வேண்டும், குமட்ட ஆரம்பித்தபின் போட்டுப் பயனில்லை. அந்த மாத்திரை உங்களுக்குத் தூக்கம் தருமா என்பதை வேறொரு நாளில் சோதித்து வையுங்கள்.

இறங்குதல், உட்காருதல்

டைவுக்கு முன் சைகைகளை ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். டார்ச்சால் தரையில் மெல்ல வட்டம் போட்டால் ‘சரி’. பக்கவாட்டில் வேகமாக வீசினால் ‘ஏதோ சிக்கல், இங்கே பார்’. கைச்சைகை காட்டும்போது உங்கள் டார்ச்சை உங்கள் கையின் மேலேயே அடியுங்கள். எதிராளியின் கண்ணில் ஒருபோதும் அடிக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண் மீள நேரமாகும்.

கூட்டாளியோடு சேர்ந்து, முடிந்தால் கயிற்றைப் பிடித்து இறங்குங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் காதைச் சமன் செய்யுங்கள். கொஞ்சம் எடை கூடுதலாக இருப்பதால் வழக்கத்தைவிட வேகமாக இறங்குவீர்கள், பிசிடியில் சிறுகச் சிறுகக் காற்று விட்டுத் தடுக்க வேண்டும். கீழே பெட்டிகளில் விளக்குகளை வைத்து மேல்நோக்கி எரியவிட்டிருப்பார்கள். டைவர்கள் அதை ‘கேம்ப் ஃபயர்’ என்பார்கள். அதைச் சுற்றி வட்டமாகக் கைடு காட்டும் இடத்தில் உட்கார வேண்டும்.

உட்காரும் முன் தரையை டார்ச்சால் பாருங்கள். இது முக்கியம். உயிருள்ள பவளத்தின் மேல் முழங்காலை வைக்கக்கூடாது. பகலில் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் நீள முள் கடல்முள்ளெலிகள் இரவில் வெளியே வந்து ஊரும்; வெட்சூட்டைத் துளைக்கும் முள் அது. வெறும் கல்லும் மணலும் உள்ள இடமாகப் பார்த்து மண்டியிட்டு, பிசிடி காற்றை முழுக்க வெளியேற்றி, கல்லை மடியில் வைத்து, டார்ச்சைத் தலைக்கு அருகில் நேர் மேலே பிடியுங்கள். ஃபின் போட்ட கால்கள் பின்னால் தரையோடு கிடக்கட்டும். ஒரு தட்டு தட்டினால் கிளம்பும் மணல் உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு ஐந்து நிமிடக் காட்சியைக் கெடுத்துவிடும்.

இனி மூச்சுக் கணக்கு. வழக்கமான 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (அழுத்த அலகு) காற்று என்றால் சுமார் 2,200 லிட்டர். 50 பார் மிச்சம் வைத்து மேலே வர வேண்டும் என்பதால் கையிருப்பு 1,650 லிட்டர். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவருக்குக் கீழே 40 லிட்டர் செலவாகும்: 41 நிமிடம். அவரே அமைதியாகி 15 லிட்டருக்கு வந்தால் 55 நிமிடம். பாதி டைவர்கள் போனபின் மிச்சமிருக்கும் அந்த 14 நிமிடம் பெரும்பாலும் மிக நல்ல நேரம். இந்த ஆழத்தில் நைட்ரஜன் வரம்பு தடையே இல்லை. பேடி (PADI) என்ற டைவ் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி 10 மீட்டரில் முதல் டைவுக்கு 219 நிமிடம். முந்தின டைவைக் கழித்தாலும் காற்றோ குளிரோதான் முதலில் உங்களை மேலே அனுப்பும்.

அவை வரும்போது

முதலில் வெளிச்சத்தின் ஓரத்தில் இருட்டு அசையும். அடுத்த நொடி வெள்ளை வயிறு தலைக்கு மேல். 3 மீட்டர் சிறகு உங்கள் மாஸ்க்கை நோக்கி நேராக இறங்கும்போது குனியத் தோன்றும். குனியாதீர்கள். மோதாமல் திரும்ப அதற்கு நன்றாகத் தெரியும். தரையிலேயே இருங்கள், டார்ச்சை மட்டும் உடம்போடு ஒட்டி இழுத்துக்கொள்ளுங்கள். திறந்த வாய்க்குள் டார்ச் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

குட்டிக்கரணத்தின்போது நேர் மேலே பாருங்கள். வாய் வட்டமாகத் திறந்திருக்கும், அதன் உட்புறத்தில் செவுள் வளைவுகள் வரிசையாக வெளிச்சத்தில் தெரியும். அடுத்துச் செவுள் பிளவுகள் படபடத்து மூடித் திறப்பது தெரியும். அதற்குக் கீழே வயிற்றில் கறுப்புப் புள்ளிகள். நம் கைரேகை போல ஒவ்வொரு திருக்கைக்கும் அவை வேறு. பெண்ணா ஆணா என்பதும் அப்போது தெரிந்துவிடும். இடுப்புத் துடுப்பின் அருகே இரண்டு விரல் போன்ற உறுப்புகள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண்.

மூச்சை விடுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குமிழ்கள் நேராகத் திருக்கையின் வயிற்றில் அடித்தால் அது விலகிப் போகும். அதற்காக மூச்சை அடக்கக்கூடாது. ஸ்கூபாவில் மூச்சை அடக்குவது எப்போதுமே ஆபத்து. திருக்கை தலைக்கு மேல் வரும்போது முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, மெல்லிய குமிழாக நீட்டி விடுங்கள்.

தொடவே கூடாது. அதன் தோலின் மேல் ஒரு வழுவழுப்பான சளிப்படலம் இருக்கிறது, நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசம் அதுதான். கை பட்டால் அது போய்விடும். திருக்கை தானாக உரசிக்கொண்டு போனால் பரவாயில்லை, கையை நீட்டாமல் இருந்தால் போதும். இதைப் போலவே தரையை விட்டு எழும்பக்கூடாது என்பதும் கண்டிப்பான விதி. டைவர் தரையில், ஸ்நார்க்கெல் போட்டவர் மேற்பரப்பில், நடுவில் உள்ள தண்ணீர் முழுக்கத் திருக்கைக்கு. ஹவாய் மாநிலத்தில் மாண்டாவைத் தெரிந்தே பிடிப்பதையும் கொல்வதையும் 2009-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஒரு பெண் மாண்டா ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்ததுக்கு ஆண்டுக்கணக்கில் இடைவெளி விடும். இழந்தால் சீக்கிரம் ஈடாகாத உயிரினம்.

கேமரா கொண்டுபோனால் அகலக் கோண வீடியோ எடுங்கள். ஃப்ளாஷ் போட்டால் ஒவ்வொரு பிளாங்டனும் வெள்ளைப் புள்ளியாகப் படம் முழுக்க விழும். நீண்ட செல்ஃபி குச்சியை உயர்த்திப் பிடிக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் பார்த்துவிட்டுப் பிறகு எடுக்கச் சொல்வேன்.

நடுநடுவே சுற்றிலும் பாருங்கள். விளக்கின் அடியில் விலாங்குகள் வேட்டைக்கு வரும், பெரிய பாரை மீன்கள் வெளிச்சத்தைக் கிழித்துக்கொண்டு பாயும். 2013 ஜனவரியில் இதே டைவுக்கு நடுவே ஒரு டால்பின் வந்தது. அதன் பக்கத் துடுப்பில் தூண்டில் முள்ளும் நரம்பும் சிக்கியிருந்தன. டைவர் ஒருவர் அறுத்து எடுக்கும் வரை அது அருகிலேயே நின்றது. மாண்டாக்களுக்கும் தூண்டில் நரம்பு பெரும் தொல்லை. 1979-இலேயே அடையாளம் கண்டு பெயர் வைத்த ‘லெஃப்டி’ என்ற பெண் திருக்கைக்கு, இடப்பக்க முகமடல் ஒடிந்திருந்ததால்தான் அந்தப் பெயர்.

மேலே வருவது

100 பார் வந்ததும் கைடுக்குக் காட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேஜை, அதாவது சிலிண்டரின் அழுத்தமானியை, பார்க்கும் வழக்கம் வேண்டும். தலைக்கு மேல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே அதை மறந்துவிடுவது மிக எளிது. கிளம்பும்போது கல்லை இறக்கி வையுங்கள், கால் மரத்திருந்தால் ஒருமுறை நீட்டுங்கள். கூடுதல் எடை இருப்பதால் எழும்ப பிசிடியில் காற்று விட வேண்டும். அங்கேதான் கவனம்: 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். வெளியேற்றும் பொத்தானில் விரலை வைத்தே ஏறுங்கள், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது.

முதலில் விளக்கு வட்டத்தை விட்டுத் தள்ளித் தரையோடு நீந்தி வெளியே வந்து, பிறகுதான் ஏற வேண்டும். வட்டத்துக்கு நேர் மேலே ஸ்நார்க்கெல் கூட்டமும் திருக்கைகளும் இருக்கும். 5 மீட்டரில் 3 நிமிடம் நிறுத்தம். மேலே பார்த்து, உங்கள் படகின் விளக்கு எது என்று கைடு காட்டுவதைத் தெளிவாகப் பார்த்த பின் மேற்பரப்புக்கு வாருங்கள். இரவில் எல்லாப் படகும் ஒன்று போலவே தெரியும். ஏணியை ஒருவர் ஏறி முடிக்கும் வரை அதன் அடியில் நிற்காதீர்கள்.

வெட்சூட்டை உடனே கழற்றி உலர்ந்த துணிக்கு மாறுங்கள். மூட்டு வலி, கை கால் மரப்பு, வழக்கத்துக்கு மீறிய அசதி, தோலில் திட்டு இவற்றில் ஏதாவது தெரிந்தால் ‘குளிராக இருக்கும்’ என்று விட்டுவிடாமல் கைடிடம் சொல்லுங்கள்.

வீடியோவில் வயிற்றுப் புள்ளிகள் தெளிவாக விழுந்திருந்தால் அது ஆய்வுக்கும் பயன்படும். கோனாவில் இப்படி வயிற்றுப் படங்களை வைத்தே 300-க்கும் மேற்பட்ட திருக்கைகளை அடையாளம் கண்டு பட்டியலிட்டிருக்கிறார்கள். மாண்டா பசிபிக் ரிசர்ச் ஃபவுண்டேஷன் அந்தப் பட்டியலைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறது. தேதி, இடம், முழு வயிறும் தெரியும் ஒரு படம் இவை போதும். கரைக்குத் திரும்பும் வழியில் கைடிடம் காட்டினால், பழகிய திருக்கை என்றால் பெயரைச் சொல்லிவிடுவார். அவருக்கும் தெரியவில்லை என்றால் படத்தை அனுப்பிவிடுங்கள்.